யூரியூப் ஓடுது, எங்கட தளம் திக்குது: பக்கேஜுக்குள்ள வர வழங்குநருக்குக் காசு கட்ட வேணுமா?

கோண்டாவில்_கல்வி கேட்டது:

உயர்தரப் பாடங்கள் நடத்துகிற ஒரு கல்வி நிலையத்துக்காகக் கேட்கிறேன். பௌதிகவியலும் இணைந்த கணிதமும் சேர்த்து 140 மணித்தியாலப் பதிவு இருக்கு. இப்ப எல்லாம் யூரியூப்பில், இணைப்பு கையில் இருக்கிறவர் மட்டும் பார்க்கிற மாதிரி. ஆனால் இணைப்பு ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்தால் அடுத்த நாள் பருத்தித்துறை வரைக்கும் போய்ச் சேருது. அதனால் கடவுச்சொல்லோடு சொந்தத் தளத்துக்கு மாற்ற யோசனை.

சோதனைக்கு 6 பாடங்களை ஏற்றியிருக்கு. சேர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில். கோப்புகள் கமராவில் இருந்து வந்தபடியே, 1080 பி. இரண்டு சிக்கல். பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் யூரியூப் பக்கேஜோ சமூக ஊடகப் பக்கேஜோ போட்டவை. எங்கட தளம் அதற்குள் இல்லாததால் பொது டேட்டாவில் வெட்டுப்படுது, இரண்டு பாடத்தோடு மாத டேட்டா முடிஞ்சு போகுது. மற்றது, இரவு 7 மணிக்குப் பிறகு பத்து விநாடிக்கு ஒருக்கால் வட்டம் சுத்திக்கொண்டு நிற்குது. அதே போனில், அதே நேரத்தில் யூரியூப் 720 பி தடையில்லாமல் ஓடுது.

இணைய வழங்குநர் வேணுமெண்டே எங்களை மந்தமாக்குறாரா? வெளிநாடுகளில் நெற்ஃபிளிக்ஸிடம் காசு வாங்கிக்கொண்டு வழி விட்டதாக வாசித்தேன். நாங்களும் கட்டினால்தான் உள்ளே போகலாமா? இலங்கையில் இதற்குச் சட்டம் ஏதும் உண்டா? விசயம் தெரிஞ்ச ஆட்கள் எண்களோடு சொல்லுங்கோ.

பாக்குநீரிணை:

தம்பி, மூன்று வெவ்வேறு விசயங்களை ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறீங்கள். தூரம் ஒன்று, பக்கேஜில் சேர்ப்பது இன்னொன்று, வாசலில் காசு கேட்பது மூன்றாவது. முதலில் தூரத்தை அவிழ்ப்போம், உங்கள் வட்டம் சுத்துவதற்கு அதுதான் பெரிய காரணம்.

ஒரு பொதி, அதாவது டேட்டாவின் ஒரு சின்னத் துண்டு, போய் மறுமொழி திரும்பி வர எடுக்கும் நேரமும், வழியில் தொலைகிற பொதிகளின் பங்கும் சேர்ந்துதான் ஒரு டி.சி.பி. (பொதி தொலைந்தால் திருப்பி அனுப்புகிற வழமையான முறை) இணைப்பின் வேகத்தை முடிவு செய்யும். இரவு நெரிசலில் நூற்றுக்கு ஒரு பொதி தொலைகிறது என்று வையுங்கள். பொதியின் சுமை 1,460 பைட். போய்வர 20 மில்லிவிநாடி எடுக்கிற கொழும்புச் சேர்வரில் இருந்து சுமார் 7 எம்.பி.பி.எஸ். கிடைக்கும். 200 மில்லிவிநாடி எடுக்கிற சேர்வரில் இருந்து அதே கம்பியில், அதே இழப்பில் 0.7 தான் கிடைக்கும். தூரம் பத்து மடங்கு, வேகம் பத்தில் ஒன்று. அமெரிக்க மேற்குக் கரை 200 ஐயும் தாண்டும். உங்கள் கமராக் கோப்போ 8 எம்.பி.பி.எஸ். கேட்கும். இதில் யாரும் வேணுமென்று எதுவும் செய்யத் தேவையில்லை, கணக்கே உங்களை நிறுத்திவிடும்.

யூரியூப் ஏன் ஓடுது? கூகுள் தன்னுடைய சேமிப்புப் பெட்டிகளை வழங்குநர்களின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கு. நெற்ஃபிளிக்ஸும் 2012 இல் இருந்து ஓப்பன் கனெக்ட் என்ற பெயரில் தகுதியான வழங்குநர்களுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுக்குது. ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் பெட்டி நிரம்பும். இரவு எல்லாரும் பார்க்கிற நேரத்தில் வீடியோ கடல் கேபிளைத் தொடாமலே வரும். உங்கள் பாடமோ ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தடவையும் பசுபிக் கரையில் இருந்து புறப்படுகிறது.

இதை ஊகமாக விடாமல் அளந்து பாருங்கள். இரவு 8 மணிக்கும் விடியப்புறம் 5 மணிக்கும், இரண்டு முறை. வைஃபை பிழையைக் கழிக்கக் கம்பி போட்ட கணினியில் செய்யுங்கள். வேகச் சோதனைத் தளத்தில் கொழும்புச் சேர்வரைத் தெரிவு செய்து ஒரு அளவு, சிங்கப்பூரைத் தெரிவு செய்து ஒரு அளவு. பிறகு நெற்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளத்தில் ஒன்று. அது அவர்களின் பெட்டியில் இருந்தே அளக்கும். கொழும்பு நல்லது, சிங்கப்பூர் மோசம் என்றால் நெரிசல் நாட்டின் வாசலில். மூன்றும் இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல் உங்கள் ரவரிலோ தெருப் பெட்டியிலோ.

அடுத்து, வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் இழப்பை அளக்கிற எம்.டி.ஆர். கருவியால் உங்கள் சேர்வருக்கு 100 பொதி அனுப்புங்கள். பலர் இங்கே பிழை விடுவார்கள்: நடுவில் ஒரு தாவலில், அதாவது வழியில் உள்ள ஒரு ரூட்டரில், 40% இழப்பு என்று காட்டினால் உடனே அதைப் பிடித்துக்கொண்டு வழங்குநரோடு சண்டைக்குப் போவார்கள். கடைசித் தாவலில் இழப்பு இல்லையென்றால் நடுவில் காட்டுவதற்குப் பொருளே இல்லை. அந்த ரூட்டர் சோதனைப் பொதிகளுக்கு மறுமொழி சொல்வதைக் குறைத்து வைத்திருக்கு, அவ்வளவுதான். இழப்பு ஒரு இடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் கவனியுங்கள்.

வேணுமென்று மந்தமாக்குகிறார்களா என்று பார்க்க வீஹி என்ற செயலி இருக்கு, நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் செய்தது. ஒரு சேவையின் போக்குவரத்தை அப்படியே ஒருமுறை ஓடவிடும், உள்ளடக்கத்தை அடையாளம் தெரியாமல் புரட்டி இன்னொருமுறை ஓடவிடும். இரண்டுக்கும் வேகம் தொடர்ந்து வித்தியாசப்பட்டால் பெயர் பார்த்து நடத்துகிறார்கள் என்று அர்த்தம். வி.பி.என். போட்டதும் வேகம் கூடினால் அதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீங்கோ. வி.பி.என். பாதையையே மாற்றும், நெரிசலான வழியைச் சுற்றிப் போனதாலும் கூடியிருக்கலாம்.

ரவர்_அடி:

பாக்குநீரிணை சொன்னது சரி. வழங்குநரின் பக்கக் கணக்கையும் சொல்லவேணும், இல்லாட்டி இந்தச் சண்டை விளங்காது.

வெளிநாட்டுக்கான ட்ரான்சிட் கொள்ளளவை, அதாவது மற்ற வலையமைப்புகளுக்குப் போகிற வழியை, வாங்கும்போது பெரும்பாலும் 95 ஆவது சதமான முறையில்தான் பில் வரும். 5 நிமிடத்துக்கு ஒருக்கால் போக்குவரத்தை அளப்பார்கள். 30 நாளுக்கு 8,640 அளவுகள். அதில் உச்சியில் நிற்கும் 5%, அதாவது 432 அளவுகள், 36 மணித்தியாலம், கழிபடும். அடுத்து நிற்கிற எண்ணுக்கு முழு மாதக் காசு. இரவு 7 முதல் 10 வரை நெரிசல் என்றால் மாதத்துக்கு 90 மணித்தியாலம் வரும். 36 ஐக் கழித்தாலும் 54 மிஞ்சுது. ஆக அந்த மூன்று மணித்தியால உச்சத்துக்குத்தான் வழங்குநர் மாதம் முழுக்கக் கட்டுகிறார். விடியப்புறம் 3 மணிக்கு நீங்கள் எவ்வளவு இறக்கினாலும் அவருக்கு மேலதிகச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இரவு நேர டேட்டா மலிவாகக் கிடைப்பதன் காரணமே இதுதான்.

அந்தப் பில் டொலரில். வருமானம் ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. அந்த செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20% கூட்டப்பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சேமிப்புப் பெட்டி கடல் கேபிள் செலவைத்தான் குறைக்கும். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரை, பிறகு ரவர் வரை, பிறகு ரவரில் இருந்து போன் வரை அதே வீடியோதான் வர வேணும். ஒரு ரவரின் ஒரு பக்கத்தில் கிடைக்கிற கொள்ளளவை அந்த நேரத்தில் பார்க்கிற அத்தனை பேரும் பகிர்கிறார்கள். திருவிழா நாளில் நல்லூர் வீதியில் நின்று வீடியோ அழைப்பு எடுத்துப் பார்த்தவைக்கு இது தெரியும். போக்குவரத்தில் பெரும் பங்கு நாலைந்து நிறுவனங்களின் வீடியோ என்கிறபோது, அவையும் ஒரு பங்கு தரட்டும் என்று கேட்பதை முழுக்க அநியாயம் என்று தள்ளிவிட ஏலாது.

நாவற்குழிப்_பாலம்:

ரவர்_அடியின் செலவுக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. முடிவோடுதான் சண்டை. நெற்ஃபிளிக்ஸ் யாருடைய வீட்டுக்குள்ளும் வீடியோவைத் தள்ளுவதில்லை. சந்தாதாரர் கேட்கிறார், அது வருது. கேட்டவர் அதற்காகத்தான் மாதம் வழங்குநருக்குக் கட்டுகிறார். அனுப்புகிறவர் தன் பக்கச் சேர்வருக்கும் இணைப்புக்கும் தனியே கட்டுகிறார். ஒரே பொதிக்கு மூன்றாவது தடவை காசு கேட்பதைத்தான் வாசல் கட்டணம் என்கிறோம்.

2014 பெப்ரவரியில் நெற்ஃபிளிக்ஸ் அமெரிக்க வழங்குநர் கொம்காஸ்டுக்குக் கட்டச் சம்மதித்த விசயத்தை நீங்கள் வாசித்திருப்பீங்கள். அதில் எல்லாரும் தவறவிடுகிற இடம்: நெற்ஃபிளிக்ஸ் என்று பெயர் பார்த்து மந்தமாக்கத் தேவைப்படவில்லை. கோஜென்ட் போன்ற ட்ரான்சிட் நிறுவனங்களில் இருந்து கொம்காஸ்டுக்குள் நுழைகிற போர்ட்டுகள், அதாவது இணைப்பு வாசல்கள், நிரம்பி வழிந்தன, செலவை யார் ஏற்பது என்ற இழுபறியில் அவை அகலமாக்கப்படாமல் கிடந்தன. நேரடி இணைப்புக்குக் காசு கட்டியதும் வேகம் வந்தது. பெயர் பார்த்து மந்தமாக்காதே என்று மட்டும் எழுதிய சட்டத்தால் இதைப் பிடிக்க முடியாது. சட்டம் எழுதுகிறவர்கள் போர்ட்டின் நிரம்பல் அளவையும் கேட்க வேணும்.

தென்கொரியா இதைச் சட்டமாகவே செய்து பார்த்த நாடு. 2016 இல் வழங்குநர்கள் தங்களுக்குள் போக்குவரத்து அளவுக்கு ஏற்பக் காசு கட்ட வேணும் என்று விதி வந்தது. பேஸ்புக்கின் சேமிப்புப் பெட்டி கே.டி. என்ற கொரிய வழங்குநரிடம் இருந்தது. மற்ற நிறுவனங்களின் சந்தாதாரர் அதில் இருந்து எடுக்க எடுக்கக் கே.டி.க்குச் செலவு ஏறியது. அது பேஸ்புக்கிடம் கேட்டது. பேஸ்புக் மற்றவர்களின் போக்குவரத்தை வெளிநாட்டுப் பாதைக்குத் திருப்பிவிட, சந்தாதாரருக்கு வேகம் விழுந்தது. 2018 இல் கொரிய ஆணையம் 39.6 கோடி வொன் தண்டம் விதித்தது, நீதிமன்றம் அதை 2019 இல் இரத்துச் செய்தது. யோசித்துப் பாருங்கள்: பெட்டியைத் தன் கட்டடத்துக்குள் வைத்து நல்லது செய்த நிறுவனத்துக்கே செலவு ஏறும்படி விதி எழுதினார்கள். பிறகு யார் பெட்டி வைப்பார்? நேரலை வீடியோத் தளமான ட்விட்ச் அங்கே 2022 இல் வீடியோவை 720 பி க்குக் குறைத்தது, 2024 பெப்ரவரி 27 இல் கடையையே மூடியது. மற்றப் பெரும்பாலான நாடுகளைவிடக் கொரியாவில் வலையமைப்புச் செலவு பத்து மடங்கு என்று காரணம் சொன்னது.

அமேசனுக்குச் சொந்தமான ட்விட்சுக்கே கட்டுப்படியாகவில்லை. கோண்டாவிலில் இருக்கிற ஒரு கல்வி நிலையத்துக்குக் கட்டுப்படியாகுமா? இந்தச் சண்டையில் எனக்கு இருக்கிற கவலை நெற்ஃபிளிக்ஸைப் பற்றியதே இல்லை. அது கட்டிவிட்டு மாதக் கட்டணத்தைக் கூட்டும். கட்ட ஏலாதது சின்ன ஆட்களால்தான்.

செம்மணி_வீதி:

கொரியாக் கதையில் மற்றப் பாதியையும் சொல்ல வேணும். எஸ்.கே. புரோட்பாண்டு என்ற கொரிய வழங்குநருக்கு எதிரான வலையமைப்புக் கட்டண வழக்கில் 2021 ஜூனில் சியோல் நீதிமன்றத்தில் நெற்ஃபிளிக்ஸ் தோற்றது. கொடுக்கல் வாங்கலை இரு தரப்பும் பேசித் தீர்க்கட்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 2023 செப்டெம்பரில் சமரசமாகி வழக்குகளை மீளப் பெற்றார்கள். ஜெர்மனியிலும் 2024 இல் கொலோன் நீதிமன்றம் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றா, வழங்குநர் டொய்ச் டெலிகொமுக்குச் சுமார் 2 கோடி யூரோ கட்ட வேணும் என்றது; மெற்றா நேரடி இணைப்பையே அறுத்துக்கொண்டு ட்ரான்சிட் வழியாகச் சுற்றி அனுப்பத் தொடங்கியது. எல்லா நீதிமன்றமும் ஒரே பக்கம் சாயவில்லை.

ஆனால் வழமை என்று பார்த்தால் நாவற்குழிப்_பாலம் பக்கம்தான் கனம். பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் 2016 இல் எடுத்த கணக்கெடுப்பில், வலையமைப்புகளுக்கு இடையிலான பியரிங் (நேரடியாகப் போக்குவரத்தை மாற்றிக்கொள்ளும்) உடன்பாடுகளில் 99.93% எழுத்து ஒப்பந்தமே இல்லாமல், வாய்ச்சொல்லில் நடந்தவை.

சட்டக் கேள்விக்கு வருகிறேன். இங்கே அடித்தளம் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம். அது எழுதப்பட்டபோது நாட்டில் வணிக இணையமே வரவில்லை. ஒரு தளத்தைப் பக்கேஜில் சேர்த்து மற்றதை விடுவது பரவலாக நடக்குது, கடைகளில் பெயர் போட்டே விற்கிறார்கள். பக்கத்து இந்தியாவில் நிலைமை வேறு: 2016 பெப்ரவரி 8 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து வெவ்வேறு டேட்டா விலை வைப்பதைத் தடை செய்தது, மீறினால் நாளுக்கு 50,000 இந்திய ரூபா, உச்சம் 50 இலட்சம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய பேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ் அதோடு அங்கே நின்றது. எல்லாத் தளத்தையும் சமமாக நடத்த வேணும் என்று அமெரிக்காவில் 2015 இல் வந்த விதி 2017 இல் போனது, 2024 இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரி 2 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று காத்திருந்து பாடத்திட்டத்தைத் தள்ளிப் போடாதீங்கோ.

ஒரு நல்ல முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. 2020 இல் பல்கலைக்கழகங்கள் பூட்டியபோது அவற்றை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த ஸூம் வகுப்புகளுக்கு வழங்குநர்கள் மாணவரிடம் டேட்டா கழிக்கவில்லை. யாழ் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் அதில் படித்தார்கள். அங்கே ஒரு கடைக்கு இன்னொரு கடையைவிடச் சலுகை கொடுக்கவில்லை; கல்வி வலையமைப்பு முழுவதுக்கும் ஒரே கதவு திறந்தது. தனியார் கல்வி நிலையங்கள் கேட்பதாக இருந்தால் தனித்தனியே வழங்குநரிடம் போய் விலை பேசாமல், சேர்ந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இந்த வடிவத்தில் கேட்க வேணும்.

கோண்டாவில்_கல்வி:

நன்றி அண்ணைமார். காசு கட்டுற யோசனையை விட்டாச்சு. இரண்டு சந்தேகம் மிச்சம். பாடத்தை யூரியூப்பிலேயே வைத்து எங்கட தளத்துக்குள் பதித்தால் பக்கேஜில் போகுமா? தளத்திலேயே வைப்பதென்றால் கோப்பை எந்த அளவுக்குச் சுருக்கலாம்? கரும்பலகை எழுத்துத் தெரியவேணும்.

பாக்குநீரிணை:

பதித்தால் பாதி போகும். இணைப்புத் தொடங்கும்போது போன் தான் போகிற தளத்தின் பெயரை வழியில் உள்ளவருக்குத் தெரியும்படி சொல்லும். வழங்குநர் அந்தப் பெயரையும் முகவரி வரிசையையும் வைத்துத்தான் எந்தக் கணக்கில் கழிப்பது என்று தீர்மானிக்கிறார். வீடியோத் துண்டு கூகுளின் சேர்வரில் இருந்து வருவதால் யூரியூப் கணக்கில் விழ இடமுண்டு. ஆனால் உங்கள் பக்கம், எழுத்துருக்கள், கடவுச்சொல் சோதனை எல்லாம் பொது டேட்டா. பொது டேட்டா பூச்சியமான பிள்ளைக்குப் பக்கமே திறக்காது, அதற்குள் இருக்கிற வீடியோவும் வராது. சில பக்கேஜ் செயலிக்குள் பார்ப்பதை மட்டும் கணக்கெடுக்கும் என்று நிபந்தனை வைத்திருக்கும், வாசித்துப் பாருங்கள். பிள்ளை வி.பி.என். போட்டிருந்தால் எல்லாமே பொது டேட்டாவில் போகும், இது அடிக்கடி நடக்கிற பிழை.

சுருக்குவது தனி வேலை. கரும்பலகைப் பாடத்தில் படம் அசைவதில்லை, அதனால் நிறையக் குறைக்கலாம். எச்.264 சுருக்க முறை, 720 பி, விநாடிக்கு 25 சட்டகம், வீடியோ 700 கே.பி.பி.எஸ்., ஒலி ஒற்றைத் தடத்தில் 64. ஒரு மணித்தியாலம் 344 எம்.பி. வரும். உங்கள் கமராக் கோப்பு 3.6 ஜி.பி. அதோடு 360 பி யில் 250 உம் 48 உம் போட்டு இரண்டாவது படி: 134 எம்.பி. ஒலி மட்டும் மூன்றாவது படி: 48 இல் 22 எம்.பி., திருப்பிக் கேட்கிற பிள்ளைக்கு அது போதும். எஃப்.எஃப்.எம்.பெக் மென்பொருளில் 2 விநாடிக்கு ஒரு முதன்மைச் சட்டகம் (முழுப் படமாகச் சேமிக்கிற சட்டகம்), அதாவது 50 சட்டகத்துக்கு ஒன்று வைத்து, 6 விநாடித் துண்டுகளாக, வேகத்துக்கு ஏற்பப் படி மாறுகிற எச்.எல்.எஸ். முறையில் வெட்டுங்கள். இரண்டு வீடியோப் படிக்கும் முதன்மைச் சட்டகம் ஒரே இடத்தில் விழாவிட்டால் வேகம் மாறும்போது படம் ஒருக்கால் துள்ளும்.

700 இல் எழுத்து மங்கினால் சுருக்க முறையைக் குறை சொல்லாமல் அறையைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் கமரா படத்தில் மணல் தூவினது போல் புள்ளி விழும், ஒவ்வொரு புள்ளியும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால் பிற்றுகள் முழுக்க அதற்கே போய்விடும். பலகைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு போடுங்கள். பலகைக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்றில் ஆடுகிற நாட்காட்டி இருந்தால் கழற்றுங்கள், பாடம் முழுக்க அந்தத் தாள் ஆடுகிற ஆட்டத்துக்கும் பிற்று செலவாகும். டஸ்டரால் அழிக்கும்போது மட்டும் படம் கொஞ்சம் கலங்கும், அது பரவாயில்லை.

வைக்கிற இடம்: கொழும்பில் முனை (பிரதியை வைத்துப் பரிமாறுகிற சேர்வர்) வைத்திருக்கும் விநியோக வலையமைப்பு வேணும். அப்படியான வலையமைப்பான கிளவுட்ஃபிளேருக்குக் கொழும்பில் முனை உண்டு. ஆனால் உங்கள் வழங்குநர் அந்த முனைக்கு அனுப்புகிறாரா என்று பார்க்கவேணும். கிளவுட்ஃபிளேரின் பின்னால் உள்ள எந்தத் தளத்திலும் அதன் டிரேஸ் பக்கத்தைத் திறந்தால் கோலோ என்ற வரியில் மூன்று எழுத்து விமான நிலையக் குறியீடு வரும். சி.எம்.பி. என்றால் கொழும்பு, எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூருக்குச் சுத்துகிறீங்கள். பிள்ளைகள் பாவிக்கிற ஒவ்வொரு வழங்குநரிலும் இரவில் பாருங்கள். சாதாரணக் கணக்கில் வீடியோவைப் போட்டுப் பரிமாற அவர்களின் நிபந்தனை இடம் தராது. அவர்களின் ஆர்2 களஞ்சியத்தில் வைக்க வேணும், அங்கே வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. 200 பிள்ளைகள் 8 மணிக்கு ஒன்றாகத் திறந்தால் 153 எம்.பி.பி.எஸ்., ஒற்றைச் சேர்வரில் அதைக் கொடுக்க முயலாதீங்கோ. இணைப்புகளுக்குச் சேர்வரின் இரகசியக் குறியீட்டால் கையொப்பமிட்டு 4 மணித்தியாலத்தில் காலாவதியாக விடுங்கள், வட்ஸ்அப்பில் போனாலும் அடுத்த நாள் திறக்காது.

ரவர்_அடி:

இறக்கி வைத்துப் பார்க்கிற வசதியையும் செயலியில் சேருங்கோ, இரவு 12 மணிக்குப் பிறகு தானாக இறங்குகிற மாதிரி. 344 எம்.பி. கோப்பு இரவு நேர டேட்டாவில் போகும், ரவரும் அப்ப சும்மா நிற்கும்.

இன்னொன்று. 140 மணித்தியாலத்தை 344 ஆல் பெருக்கினால் 48 ஜி.பி. சின்ன ரவர் ஒன்றை நம்பியிருக்கிற தீவுப்பக்கப் பிள்ளைகளுக்கு 64 ஜி.பி. பென் ஒன்றில் இரண்டு பாடமும் முழுக்க அடங்கும், குறியாக்கம் செய்து கடவுச்சொல்லை மட்டும் நெற்றில் அனுப்பலாம். அடைக்கும்போது பென்னை எக்ஸ்ஃபாட் முறையில் வடிவமையுங்கோ. ஃபாட்32 இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, முழுவதையும் ஒரே பெட்டகமாகப் பூட்டினால் அங்கேதான் தட்டும். பழைய போன் சில எக்ஸ்ஃபாட்டை வாசிக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு ஃபாட்32 இல், பாடத்துக்கு ஒரு கோப்பாகப் பூட்டிக் கொடுங்கோ.